‘ஸ்கின் கேம்’ (1931): அந்தப் படத்தில் ஈவிரக்கமற்ற வியாபாரி யார்?

பழைய_ரீல்:

இயக்குநர் ஹிட்ச்காக் என்றதும் நம் குழுவில் ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கத்தியும் ‘தி பேர்ட்ஸ்’ படத்தின் பறவைக் கூட்டமும்தான் பேச்சுக்கு வருகின்றன. அவர் 1931இல் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்துக்காக எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில், ஆங்கில எழுத்தாளர் ஜான் கால்ஸ்வர்த்தியின் நாடகத்தை வைத்து எடுத்த ‘ஸ்கின் கேம்’ படத்தைப் பற்றி இங்கே எவரும் எழுதிப் பார்த்ததில்லை. கொலையும் இல்லை, துரத்தலும் இல்லை, நிலத்தை வாங்குவதும் விற்பதும்தான் கதை என்பதால் பலர் பாதியில் நிறுத்தியிருப்பார்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவும் இதில் அடங்கும். ஹில்கிறிஸ்ட் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஊரில் நிலம் வைத்திருக்கும் பழைய குடும்பம். ஹார்ன்ப்ளோவர் மண்பாண்டத் தொழிலில் பணம் சேர்த்து ஊருக்குள் வந்த புதுப் பணக்காரர். ஏற்கெனவே இருக்கும் குடித்தனக்காரர்களைக் கிளப்பக் கூடாது என்ற வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டு ஹில்கிறிஸ்ட் அவருக்கு ஒரு நிலத்தை விற்றிருக்கிறார். ஹார்ன்ப்ளோவரோ தம் தொழிலாளிகளுக்கு வீடு வேண்டும் என்று ஜாக்மன் என்ற முதிய தம்பதியை வெளியேறச் சொல்கிறார். அதோடு நிற்காமல், ஹில்கிறிஸ்ட் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சென்ட்ரி என்ற நிலத்தையும் வாங்கி அங்கே தொழிற்சாலை கட்டப்போவதாக நேரில் வந்து அறிவிக்கிறார். நிலம் ஏலத்துக்கு வருகிறது. ஹார்ன்ப்ளோவர் தந்திரமாக அதை எடுத்துவிடுகிறார். அதற்குள் ஹில்கிறிஸ்ட்டின் காரியஸ்தர் டாக்கர், ஹார்ன்ப்ளோவரின் மூத்த மருமகள் க்ளோயியின் பழைய வாழ்க்கையைத் தோண்டி எடுத்திருக்கிறார். திருமணத்துக்கு முன்பு அவள் விவாகரத்து வழக்குகளில் சாட்சியம் உருவாக்குவதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண். அந்த ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹில்கிறிஸ்ட்டின் மனைவி நிலத்தை ஏல விலையில் பாதிக்கும் குறைவான தொகைக்கு எழுதி வாங்குகிறார். ரகசியம் கசிகிறது, கணவன் காதுக்குப் போகிறது, கர்ப்பிணியான க்ளோயி தோட்டத்துக் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள்.

படத்தைப் பற்றிய குறிப்புகள் பலவற்றில் ஹார்ன்ப்ளோவரே ஈவிரக்கமற்ற முதலாளி என்று சித்தரிக்கப்படுகிறார். எனக்கு அது ஒப்புதல் இல்லை. அவர் செய்தது முரட்டு வியாபாரம். ஆனால் அவர் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்தார். விற்கவே கூடாத ஒன்றை விலையாக வைத்துப் பேரம் பேசியது கௌரவமான குடும்பம்தான். இந்தப் பார்வை சரியா என்று பேசலாமே.

கரிசல்காட்டான்:

ஹார்ன்ப்ளோவரை இவ்வளவு எளிதில் விடுதலை செய்ய நான் தயாராக இல்லை. ‘ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்தார்’ என்கிறீர்கள். முதல் கிரயத்தில் விலையின் ஒரு பகுதி அந்த வாக்குறுதி. குடித்தனக்காரரைக் கிளப்பமாட்டேன் என்று சொன்னதால்தான் அவருக்கு நிலம் கிடைத்தது. நிலம் கைக்கு வந்தபின், நிலைமை மாறிவிட்டது, தொழில் பெருகிவிட்டது என்று சொல்லி அந்தப் பகுதியைத் தராமல் விட்டுவிட்டார். பணத்தில் பாக்கி வைத்திருந்தால் மோசடி என்போம். வாக்கில் பாக்கி வைத்தால் வியாபார சாமர்த்தியம் என்போமா?

அதேசமயம் ஹில்கிறிஸ்ட் தரப்பையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 1920இல் கால்ஸ்வர்த்தி இந்த நாடகத்தை எழுதியபோது இங்கிலாந்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பழைய பண்ணைக் குடும்பங்கள் நிலத்தை வரிசையாக விற்றுக்கொண்டிருந்தன. போரில் வாரிசுகளை இழந்த வீடுகள் ஒருபுறம். 1919இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு 40 விழுக்காடு வரை உயர்த்தப்பட்ட மரண வரி (இறந்தவரின் சொத்து மீதான வரி) மறுபுறம். வாங்கியவர்களில் குத்தகை விவசாயிகளும் உண்டு, போர்க்காலத்தில் சம்பாதித்த தொழிலதிபர்களும் உண்டு. ஆகவே ஹில்கிறிஸ்ட் அந்த முதல் துண்டை விற்றது, காலம் தம் வகுப்பினரைத் தள்ளிய திசையில் அவரும் நகர்ந்தார் என்பதற்கு அடையாளம். விற்ற பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வாங்கியவன் அதில் புகைபோக்கி எழுப்பினால் நாகரிகமே அழிகிறது என்று வருந்துவது கொஞ்சம் அதிகம்தான்.

ஜாக்மன் தம்பதிக்காகத்தான் சண்டை தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் சண்டை சூடு பிடிப்பது ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி கெடப்போகிறது என்றபோதுதான். அந்த இடத்தைக் கவனித்தீர்களா?

ஒலிவாங்கி:

ஏலக் காட்சியைப் பற்றி யாரும் இன்னும் பேசாததால் நான் தொடங்குகிறேன். படத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். நேர்மையாகச் சொன்னால், தயக்கமில்லாமல் பாராட்டக்கூடியதும் ஏறக்குறைய அது ஒன்றுதான்.

அன்றைய ஒலித் தொழில்நுட்பத்தின் சிக்கலை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க அதை அடைத்து மூட வேண்டியிருந்தது. அதனால் ஊமைப் படக் காலத்தில் துள்ளிக் குதித்த கேமரா ஒரே இடத்தில் முடங்கியது. தனித்தனியாகப் பதிவு செய்த ஒலிகளைப் பின்னர் கலப்பதும் எளிதாக இல்லை. முந்தைய ஆண்டு வந்த ‘மர்டர்!’ படத்தில் ஒரு பாத்திரம் வானொலி இசையைக் கேட்டபடி மனத்துக்குள் பேசும் காட்சிக்கு, செட்டின் பின்னால் 30 பேர் கொண்ட இசைக்குழுவை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னதாக ஹிட்ச்காக்கே பின்னாளில் விவரித்திருக்கிறார். அவ்வளவு திண்டாட்டம்.

இந்தச் சூழலில், நின்ற இடத்திலிருந்தே கேமராவால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு ஏலக் காட்சி விடை சொல்கிறது. கேமரா அறையின் நடுவே ஒரு பார்வையாளரைப் போல அமர்ந்திருக்கிறது. ஏலக்காரர் (ரொனால்ட் ஃபிராங்காவ் அருமையாகச் செய்திருக்கிறார்) தொகையைச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒருபுறம் ஒரு குரல் எழுகிறது; கேமரா சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறது. திரும்பும் வேகத்தில் முகங்கள் எல்லாம் கோடுகளாக இழுபடுகின்றன. கேட்டவரின் முகம் கிடைப்பதற்குள் மறுபுறத்திலிருந்து அடுத்த தொகை வந்துவிடுகிறது. சில சமயம் கேமரா பிந்திப் போகிறது; யார் கேட்டார்கள் என்று நாமும் அதோடு சேர்ந்து தேடுகிறோம். காதுக்கு முதலில் வந்ததைக் கண் பின்னால் ஓடிப் பிடிக்கிறது. ஒலி வந்ததால் மட்டுமே சாத்தியமான பதற்றம் இது. ஊமைப் படத்தில் இந்தக் காட்சியை எழுத்து அட்டைகளைக் காட்டித்தான் நகர்த்தியிருக்க வேண்டும்.

தந்திரமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு கட்டத்தில் ஹார்ன்ப்ளோவர் கேட்பதை நிறுத்திவிடுகிறார். வேறொரு ஆள் தொடர்கிறார். ஹில்கிறிஸ்ட்டின் சக்தியைத் தாண்டி விலை போகிறது. ஒரு பிரபுவின் ஆள் எடுத்துவிட்டார், போகட்டும், தொழிற்சாலை வராது என்று அவர் நிம்மதி அடைகிறார். பிறகுதான் அந்த ஆள் ஹார்ன்ப்ளோவரின் பினாமி என்று தெரிகிறது. தோற்றதைவிட, தோற்றதற்கு மகிழ்ந்துபோனதுதான் அவர்களைச் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பழிவாங்கும் எண்ணம் விளைந்த இடம் அதுதான்.

நாடகமேடை:

ஒலிவாங்கி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஏலத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கேமரா முன் நடந்த நாடகம். கால்ஸ்வர்த்தி அப்போது இங்கிலாந்தின் மிகப் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர்; அடுத்த ஆண்டே, 1932இல், நோபல் பரிசு பெற்றார். அவருடைய வசனத்தில் கைவைக்க யாருக்குத் துணிவு வரும்? படம் பெரும்பாலும் நாடகத்தின் வரிகளோடும் அங்கங்களோடும்தான் நகர்கிறது. ஹிட்ச்காக் பல ஆண்டுகள் கழித்து பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசியபோது, இதைத் தாமாக விரும்பி எடுக்கவில்லை என்று சொல்லிச் சுருக்கமாகக் கடந்துவிட்டார்.

நடிப்பில் எனக்கு வேறு ஒரு வியப்பு. எட்மண்ட் க்வென்னும் ஹெலன் ஹேயும் இதே பாத்திரங்களை, அதாவது ஹார்ன்ப்ளோவரையும் திருமதி ஹில்கிறிஸ்ட்டையும், 1921இல் வந்த ஊமைப் பட வடிவத்திலேயே நடித்தவர்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே பாத்திரங்களுக்குக் குரல் கொடுக்கும் வாய்ப்பு எத்தனை நடிகர்களுக்குக் கிடைத்திருக்கும்? க்வென் வசனத்தைப் பேசுவதில்லை, அடிக்கிறார். அறைக்குள் நுழையும்போதே அந்த வீட்டின் நாற்காலிகளுக்கு விலை போட்டுக்கொண்டு வருவதைப் போல இருக்கிறது. அவரைப் பின்னாளில் 1947இல் கிறிஸ்துமஸ் தாத்தாவாக நடித்து ஆஸ்கர் வாங்கிய கனிவான கிழவராக மட்டும் அறிந்தவர்கள் இதில் அடையாளம் கண்டுகொள்ளவே சிரமப்படுவார்கள். ஹெலன் ஹே இதற்கு நேர்மாறு: குரலை உயர்த்தாமல், முதுகை வளைக்காமல், தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் தோரணையிலேயே ஒரு குடும்பத்தை முடித்துவிடுகிறார்.

பழைய_ரீலின் கேள்விக்கு என் பதில்: இருவரில் எவர் கொடியவர் என்பதல்ல நாடகத்தின் நோக்கு. ஆனால் படத்தில் திருமதி ஹில்கிறிஸ்ட்தான் கொடியவராகத் தெரிகிறார். அதற்குக் காரணம் எழுத்தல்ல, நடிகை.

வக்கீல்_குமாஸ்தா:

க்ளோயி என்ன வேலை செய்தாள் என்பது இன்றைய பார்வையாளர்களுக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். அவளைப் பாலியல் தொழிலாளி என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. சட்டப் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1857ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் விவாகரத்துக்கு வழி ஏறத்தாழ ஒன்றே ஒன்றுதான்: துணையின் பிறர்தொடர்பை, அதாவது வேறொருவரோடு வைத்திருக்கும் கள்ள உறவை, நிரூபிக்க வேண்டும். கணவன் வழக்குத் தொடுத்தால் அது மட்டும் போதும். மனைவி தொடுத்தால், அதோடு கொடுமையோ கைவிட்டுப்போனதோ வேறு குற்றமோ சேர வேண்டும். அந்தப் பாகுபாடு 1923இல்தான் நீங்கியது. பிறர்தொடர்பு இல்லாமலேயே கொடுமை, கைவிடல், தீராத மனநோய் போன்ற காரணங்களுக்காகப் பிரியலாம் என்ற நிலை 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு விவாகரத்து கேட்டதாகத் தெரிந்தால் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்துவிடும். அதாவது, ஒத்துவராத இரண்டு பேர் நாகரிகமாகப் பிரிய வேண்டுமென்றால் ஒருவர் தவறு செய்தாக வேண்டும், அல்லது செய்ததாகக் காட்டியாக வேண்டும்.

அங்கேதான் க்ளோயி போன்றவர்களுக்கு வேலை பிறந்தது. கணவர் ஒரு ஹோட்டலில் அறை எடுப்பார். கூலிக்கு வந்த பெண்ணும் அவரும் அந்த அறையில் இரவைக் கழிப்பார்கள். பல சமயம் சீட்டு விளையாடியே விடிந்துவிடும். காலையில் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண் இருவரையும் ஒரே அறையில் பார்க்க வேண்டும்; அது ஒன்றுதான் தேவை. பிறகு ஹோட்டல் பில்லும் பணிப்பெண்ணின் சாட்சியமும் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிபதிக்கும் வழக்கறிஞர்களுக்கும் இது நாடகம் என்று தெரிந்திருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள்.

இதனால் பயனடைந்தவர்கள் யார்? வழக்குச் செலவும் ஹோட்டல் செலவும் செய்யக்கூடிய வசதியான குடும்பத்து ஆண்களும் பெண்களும். திருமதி ஹில்கிறிஸ்ட்டின் விருந்து மேசையில் உட்காரக்கூடியவர்கள். அவர்களுடைய கௌரவத்தைக் காப்பாற்றத் தன் பெயரை விற்ற பெண்ணை, அதே கௌரவத்தின் பெயரால் வேட்டையாடுகிறார்கள். படம் இதை விளக்கிச் சொல்வதில்லை. அன்றைய பார்வையாளருக்கு விளக்கத் தேவையும் இருந்திருக்காது.

பழைய_ரீல்:

வக்கீல்_குமாஸ்தா ஐயா, இந்த விளக்கம் என் வாதத்துக்குப் பெரிய பலம். க்ளோயியும் ஒரு வியாபாரம்தான் செய்தாள். மொத்தக் கதையிலும் எவரையும் ஏமாற்றாமல் செய்யப்பட்ட வியாபாரம் அவளுடையதாகத்தான் இருக்கும். நீதிமன்றத்தை ஏமாற்றினாள் என்று நீங்கள் சொல்லக்கூடும். நீதிமன்றம் ஏமாறவில்லை என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே பத்திரம் எழுதும் காட்சிக்கு வருகிறேன். ஹார்ன்ப்ளோவர் மிரட்டலுக்கு இணங்க வேண்டிய நிலை. அந்த நேரத்திலும் அவர் வியாபாரியாகவே நடந்துகொள்கிறார்: நிலத்தைத் தருகிறேன், ரகசியம் வெளியே வராது என்பதற்கு எனக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்கிறார். நாடகத்தில் பைபிள் மீது சத்தியம் வாங்குகிறார். இதைப் படிக்கும்போது எனக்குக் கரிசல்காட்டான் எழுப்பிய பழைய வாக்குறுதி நினைவுக்கு வந்தது. வாய்ச்சொல்லை நம்பி நிலம் விற்றவர் ஹில்கிறிஸ்ட். இப்போது வாய்ச்சொல்லை நம்பி நிலம் விற்பவர் ஹார்ன்ப்ளோவர். இரண்டாவது வாக்கும் நிற்கவில்லை. முதல் வாக்கை மீறியதால் ஒரு தம்பதி வீட்டை இழந்தார்கள், இரண்டாவதில் ஒரு கர்ப்பிணி உயிரை இழந்தாள். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘இருவரும் சமம்’ என்று சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

கரிசல்காட்டான்:

சமம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பழியைத் திருமதி ஹில்கிறிஸ்ட் தலையில் மட்டும் இறக்கிவைப்பதும் வசதியான வாசிப்பு. இரண்டு பேரைக் கவனியுங்கள்.

முதலாமவர் டாக்கர், காரியஸ்தர். எட்வர்ட் சாப்மன் நடித்திருக்கிறார். தோண்டியவர், சாட்சிகளை ஊருக்குள் கொண்டுவந்தவர், க்ளோயியின் கணவனிடம் விஷயம் போகக் காரணமாக இருந்தவர் எல்லாம் அவரே. அவருக்கு நிலமும் இல்லை, ஜன்னலும் இல்லை. சம்பளம் மட்டும் உண்டு. எஜமானர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை முன்கூட்டியே செய்து முடித்துவிடுவதுதான் இத்தகைய ஆட்களின் திறமை. ‘எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது’ என்று பெரிய வீடு சொல்லிக்கொள்ள வேண்டுமானால் இப்படி ஒருவர் தேவை.

இரண்டாமவர் ஹில்கிறிஸ்ட்டேதான். சி. வி. ஃபிரான்ஸ் அவரை அவ்வளவு நல்லவராக, அவ்வளவு களைத்தவராக நடித்திருப்பதால் நாம் மன்னித்துவிடுகிறோம். மனைவி செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளிக்கிறார், வருந்துகிறார், ஆனால் தடுக்கவில்லை. நிலம் வேண்டும், கையில் கறை படக் கூடாது. கடைசியில் க்ளோயி வந்து கெஞ்சும்போது ரகசியத்தைக் காப்பாற்றுவதாக உண்மையிலேயே வாக்குக் கொடுக்கிறார், அவளுடைய கணவனிடம் அவளுக்காகப் பொய்யும் சொல்கிறார். அந்தப் பொய் எடுபடவில்லை. அப்படிப்பட்ட பெண்ணோடு இனி வாழமாட்டேன் என்று கணவன் கத்துவதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அவள் கேட்டுவிடுகிறாள். ஹில்கிறிஸ்ட்டின் நல்ல குணம் அங்கே தாமதமாக வருகிறது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் மனைவியிடம் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும்.

ஹார்ன்ப்ளோவர் ஒரு நியாயமும் சொல்கிறார் என்பதை மறக்கக் கூடாது. தாம் ஊருக்கு வந்த நாள் முதல் தம் குடும்பத்தை இவர்கள் மனிதராக மதிக்கவில்லை, மருமகளை ஒரு மரியாதைக்குக்கூட வந்து பார்க்கவில்லை என்பது அவருடைய குறை. ஒரு முறை போய்ப் பார்த்திருந்தால் அவர் தொழிற்சாலையை வேறு பக்கம் திருப்பியிருப்பாரோ என்னவோ! தொழில் விரிவாக்கம் என்ற போர்வைக்குள் அவரும் பழிதான் தீர்க்கிறார்.

ஒலிவாங்கி:

திரைச்சீலைக் காட்சியைப் பற்றி நாடகமேடைக்கு ஒரு வார்த்தை. அது மேடை உத்தி என்பது சரிதான். ஆனால் க்ளோயியின் அச்சத்தை ஹிட்ச்காக் மேடையால் முடியாத முறையில் முன்பே காட்டியிருக்கிறார். ஏல அறையில் தன் பழைய வாழ்க்கையை அறிந்த ஓர் ஆளை அவள் பார்த்துவிடுகிறாள். அவனுடைய முகம் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து அவளை நோக்கி மிதந்து பெரிதாகிறது. பின்னணியில் தொகைகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அறையிலுள்ள அத்தனை பேரும் நிலத்தின் விலையைக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் ஒருத்திக்கு மட்டும் வேறொன்று விலை பேசப்படுகிறது. ஃபில்லிஸ் கான்ஸ்டாம் மற்ற இடங்களில் மிகையாக நடித்தாலும் அந்த நேரத்தில் வெறுமனே வெளிறிப்போய் நிற்கிறார், அது போதும்.

ஹார்ன்ப்ளோவரின் இளைய மகன் ரோல்ஃபும் ஹில்கிறிஸ்ட்டின் மகள் ஜில்லும் வரும் பகுதிகள் எனக்குச் சலிப்பூட்டின. அவள் குதிரையில், அவன் காரில் என்று இரு உலகங்களை அடையாளம் காட்டுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

இணையத்தில் உலவும் பிரதிகள் பலவற்றில் ஒலி மிக மங்கலாக இருக்கிறது. ஏலக் காட்சியில் யார் எவ்வளவு கேட்டார்கள் என்பதே புரியாமல் போய்விடும். தெளிவான பிரதியைத் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் நான் மேலே எழுதியதெல்லாம் கற்பனை என்று தோன்றும்.

நாடகமேடை:

திரைச்சீலையை விட்டுக்கொடுக்கிறேன், முடிவை விட்டுக்கொடுக்கமாட்டேன். நாடகத்தின் இறுதியில், எல்லாம் நாசமான பிறகு, ஜாக்மன் தம்பதி தங்கள் வீட்டுக்குத் திரும்பலாம் என்ற மகிழ்ச்சியில் நன்றி சொல்ல வருகிறார்கள். யாருக்காகச் சண்டை தொடங்கியதோ அவர்கள் இருப்பதையே ஹில்கிறிஸ்ட் மறந்துபோயிருக்கிறார். அந்த ஓர் இடத்தில் கால்ஸ்வர்த்தி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறார். ஹிட்ச்காக் அதற்கு மேல் ஒரு பழைய மரம் வெட்டுண்டு விழுவதைக் காட்டுகிறார். எது விழுகிறது என்று எனக்கு விரல் நீட்டிக் காட்ட வேண்டியதில்லை.

வக்கீல்_குமாஸ்தா:

ஜாக்மன் பேச்சு வந்ததால் என் மனத்தில் உறுத்தும் ஒரு சட்டக் கேள்வியையும் போட்டுவிடுகிறேன். ஒருவரைப் பற்றிய செய்தியை வெளியிட்டுவிடுவேன் என்று மிரட்டிப் பொருள் பறிப்பது 1916ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படியே தெளிவான குற்றம். ஆகவே திருமதி ஹில்கிறிஸ்ட் செய்தது அறத்துக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் புறம்பானது. மிரட்டி எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரவும் வழி உண்டு. ஹார்ன்ப்ளோவர் ஏன் போலீசுக்குப் போகவில்லை? போனால் மிரட்டலின் பொருள் என்ன என்பது நீதிமன்றத்தில் வெளியாகிவிடும். எதை மறைக்கக் கையெழுத்துப் போட்டாரோ அதுவே மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். மிரட்டலின் பலமே அதுதான்.

ஆனால் படம் முடியும்போது அந்தத் தடை இல்லை. க்ளோயி இறந்துவிட்டாள், ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் காலையில் ஹார்ன்ப்ளோவர் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தால் நிலத்தைத் திரும்பப் பெறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கரிசல்காட்டான்:

அவர் போகாமல் இருக்கும் ஆளாக எனக்குத் தெரியவில்லை. அப்படி அவர் வழக்கில் வென்றால், நன்றி சொல்லிவிட்டுப் போன ஜாக்மன் தம்பதி மறுபடியும் வண்டியில் சாமான் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த முறை அவர்களுக்காகச் சண்டை போட ஹில்கிறிஸ்ட் வீட்டில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.